குழந்தையின் இருமலும் கம்பெனிகளின் சீசாவும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் தொழிலாளர் குடியிருப்புகளில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் உள்ளேயிருந்து குழந்தையின் இருமல் கேட்கிறது. முதலில் மூக்கு ஒழுகுகிறது. பிறகு காய்ச்சல் வருகிறது. நெஞ்சில் சளி கட்டிக்கொள்கிறது. நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கி, குழந்தை எழுந்து விளையாடவும் ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் இருமல் மட்டும் போவதில்லை. ஒரு வாரம் ஆகிறது, இரண்டு வாரம் ஆகிறது. இரவில் குழந்தையும் தூங்குவதில்லை, பெற்றவளும் தூங்குவதில்லை. "இத்தனை நாளாகியும் நிற்கவில்லையே, உள்ளே என்ன கோளாறோ!" என்ற பயம் தாயைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தப் பயத்தை மூலதனமாக வைத்து ஒரு பெரிய வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வியாபாரத்தின் கோர முகத்தை 2025-ம் வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நாடு முழுவதும் கண்டது.

மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா ஜில்லா இருக்கிறது. அதில் பராசியா என்பது நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே சளி, இருமல், காய்ச்சல் என்று வைத்தியரிடம் கொண்டுபோன குழந்தைகளுக்கு "கோல்ட்ரிப்" என்ற இருமல் மருந்து கொடுக்கப்பட்டது. சில நாட்களில் குழந்தைகளுக்குச் சிறுநீர் இறங்குவது நின்றது. சிறுநீரகம் கெட்டுப்போன குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் நாகபுரி ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த மருந்து தயாரானது நமது காஞ்சிபுரம் ஜில்லாவில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அதைச் சோதித்தபோது 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைகால் என்ற விஷம் இருக்கக் கண்டார்கள். இந்த விஷத்துக்கு மருந்தில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். சீசாவில் ஏறக்குறைய பாதி விஷம்!

கம்பெனி மூடப்பட்டது, லைசென்ஸ் ரத்தானது, உரிமையாளர் கைதானார். இவையெல்லாம் பத்திரிகைகளில் வந்த செய்திகள். விஷம் கலந்தது மகா பாதகம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாமும் அதைச் சொல்கிறோம். ஆனால் அதற்கு ஒரு படி முந்திய விஷயத்தைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. அந்தச் சீசாவில் ஒரு துளி விஷமும் இல்லாமல் இருந்திருந்தாலும், குழந்தையின் இருமலுக்கு அது எந்தப் பயனையும் தந்திருக்காது என்பதுதான் அந்த விஷயம். அதில் இருந்ததாகச் சொல்லப்பட்ட மருந்துகள் மூன்று: பாராசிட்டமால், பினைல்எப்ரின், குளோர்பெனிரமின். காய்ச்சலுக்கு வேண்டிய பாராசிட்டமால் தனியாகவே மலிவாகக் கிடைக்கிறது. மற்ற இரண்டும் சிறு குழந்தையின் இருமலை நிறுத்துவதில்லை. குழந்தையை மயங்கித் தூங்கவைக்கும், அல்லது நெஞ்சு படபடக்கச் செய்யும். அப்படியிருக்க அந்தச் சீசா ஏன் ஒவ்வொரு மருந்துக் கடையிலும், ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் உட்கார்ந்திருக்கிறது?

நாம் வைத்தியம் படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்போடு நின்று, ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். ஆனால் நம்மிடம் வந்து கேட்கிற தாய்மார்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே குழந்தை வைத்திய நிபுணர்களும் சுகாதார ஸ்தாபனங்களும் சொல்வதைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

இருமல் ஏன் நிற்பதில்லை?

மூச்சுக் குழாயின் உள்சுவர் வெறும் தோல் அல்ல. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இவை இரவு பகலாக அசைந்து அசைந்து, உள்ளே போகும் தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கமாகத் தள்ளிவிடுகின்றன. நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்கள் தெருவைச் சுத்தமாக வைத்திருப்பது போன்றதுதான் இது. அவர்களைப் போலவே இந்த ரோமங்களின் உழைப்பும் யார் கண்ணிலும் படுவதில்லை.

வைரஸ் கிருமி வந்து என்ன செய்கிறது? இந்த ரோமங்கள் உள்ள மேல்படலத்தையே அழித்துவிடுகிறது. கைக்குழந்தைகளைத் தாக்குவதில் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் முன்னணியில் நிற்கிறது. வேறு பல வைரஸ்களும் உண்டு. ஒரு வாரத்திற்குள் உடம்பு கிருமியை வென்றுவிடுகிறது. காய்ச்சல் போய்விடுகிறது. ஆனால் அழிந்துபோன படலம் மறுபடி முளைத்து வேலைக்கு வர வாரக்கணக்கில் ஆகிறது. அதுவரை சளியைத் தள்ள ஆள் இல்லை. அந்த வேலையை யார் செய்வது? இருமல்தான் செய்கிறது. தெருவைக் கூட்ட ஆள் இல்லாதபோது வீட்டுக்காரர்களே துடைப்பத்தை எடுப்பது போல, உடம்பு இருமி இருமிச் சளியை வெளியேற்றுகிறது. தவிர, மேல்படலம் உரிந்த மூச்சுக் குழாய் சிராய்ப்பு பட்ட முழங்கால் மாதிரி இருக்கிறது. குளிர் காற்று பட்டாலும் இருமல், ஓடினாலும் இருமல், வாய்விட்டுச் சிரித்தாலும் இருமல். இரவில் படுத்தால் மூக்குச் சளி தொண்டையில் இறங்கி அதற்கும் ஒரு இருமல்.

காய்ச்சல் போன பிறகு மிச்சமிருக்கும் இருமல் நோய் முற்றுவதன் அடையாளம் அல்ல. பெரும்பாலான குழந்தைகளில் அது மராமத்து வேலை நடப்பதன் சத்தம். அதை மருந்தால் அடக்கி என்ன லாபம்? அடங்கினால் சளி உள்ளேயே தங்கும்.

எத்தனை நாள் இது நீடிக்கும்? இங்கேதான் தாய்மார்களுக்கும் வைத்திய சாஸ்திரத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்று தாய் நினைக்கிறாள். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது: சளி பிடித்து வரும் இருமல் 100-ல் 90 குழந்தைகளுக்கு முழுவதும் நிற்க 25 நாள் ஆகிறது. கைக்குழந்தைகளுக்கு நெஞ்சில் சிறு குழாய்கள் வீங்கி வரும் நோயில் 21 நாள். 25 நாள் என்றால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் இடைப்பட்ட காலம். அதற்குப் பிறகும் 10 குழந்தைகள் இருமிக்கொண்டுதான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு தாய்க்கும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், பாதிச் சீசாக்கள் விற்பனையாகாமலே கடையில் கிடந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போகிற சிறு குழந்தைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம். ஒவ்வொன்றும் மூன்று வாரம் இழுத்தால், ஒன்று முடியுமுன் மற்றொன்று வந்து சேர்ந்துகொள்கிறது. "மூன்று மாதமாக இருமல்" என்று தாய் சொல்வது பல சமயங்களில் மூன்று வெவ்வேறு சளிகளாக இருக்கும். இடையில் நாலு நாளாவது இருமல் இல்லாமல் இருந்ததா என்று நினைத்துப் பார்த்தால் விஷயம் புலப்படும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

இதைப் படித்துவிட்டு "இருமல்தானே, இருக்கட்டும்" என்று யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. மருந்து வேண்டாம் என்று சொல்வது கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்வதல்ல. உண்மையில் சீசா செய்கிற பெரிய கெடுதல்களில் ஒன்று இதுதான்: மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் குழந்தையின் நெஞ்சைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம்.

பார்க்க வேண்டியது இருமலை அல்ல, மூச்சை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, அல்லது தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும். கைக்கடிகாரம் இல்லையென்றால் செல்போனில் நிமிஷம் பார்த்துக்கொள்ளலாம். பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் மூச்சு ஓடினால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். இது உலக சுகாதார ஸ்தாபனம் கிராம சுகாதார ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கணக்கு. எழுத்து வாசனை இல்லாத தாயும் எண்ணக் கற்றுக்கொள்ளலாம், ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், உதடு நீலம் பாரித்தாலும், வலிப்பு வந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும் இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 3 மாதத்திற்கு உட்பட்ட பச்சைக் குழந்தைக்கு இருமலோடு காய்ச்சல் இருந்தாலே காத்திருக்கக் கூடாது.

அவசரமில்லை, ஆனால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்ற சங்கதிகளும் சில இருக்கின்றன. காய்ச்சல் விட்ட பிறகு மறுபடி திரும்பி வருவது; இருமி இருமி மூச்சு முட்டிக் கூவலோடு முடிந்து வாந்தி எடுப்பது (கக்குவான் இருமல் இன்னும் ஒழிந்துவிடவில்லை); கடலைப் பருப்போ பட்டாணியோ தின்றுகொண்டிருந்தபோது திடீரென்று புரையேறித் தொடங்கிய இருமல். இந்தக் கடைசி வகையில் பருப்பு மூச்சுக் குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும். எந்த மருந்தும் அதைக் கரைக்காது. நாலு வாரத்துக்கு மேல் சளியோடு கலகலவென்று இருமல் நீடித்தாலும், ஓடியாடினால் இளைப்பும் வீசிங்கும் வந்தாலும் அதற்கென்று தனி வைத்தியம் உண்டு.

காச நோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்து, குழந்தை எடை குறைகிறது, சோறு இறங்கவில்லை, அல்லது வீட்டில் தாத்தாவுக்கோ சித்தப்பாவுக்கோ காச நோய் இருந்தது என்றால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அதற்கான சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். வெட்கப்பட்டு மறைத்து, கடையில் இருமல் மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தால் நோய்க்கு அவகாசம் கொடுத்ததாகிவிடும்.

வீட்டில் நடப்பவை

நல்ல பழக்கமும் கெட்ட பழக்கமும் ஒரே பாட்டியிடமிருந்துதான் வந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது சங்கடமான வேலை. பாட்டிக்குக் கோபம் வரும். ஆனாலும் செய்ய வேண்டும்.

முதலில் புகை. இருமுகிற குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி, தலையில் நீர் கோக்கக் கூடாது என்று சாம்பிராணிப் புகையில் காட்டுகிறார்கள். உரிந்துபோன மூச்சுக் குழாய்க்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. குழந்தையின் தலையைத் துண்டால் நன்றாகத் துடைத்தால் போதும். கொசுவர்த்திச் சுருள் புகையும் அப்படித்தான்; கொசு வலை கட்டுவது மேல். வீட்டுக்குள் பீடி, சிகரெட் பிடிக்கிற தகப்பன்மார்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நீங்கள் வாசலில் நின்று குடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் புகை ஒட்டிக்கொண்டு வருகிறது, குழந்தைக்கு உடம்பு சரியில்லாத மாதத்திலாவது விட்டுவிடுங்கள். நமது தோழர்கள் சிலரும் இந்த வரியைப் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். விறகடுப்பைப் பற்றி இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எந்தத் தாயும் ஆசைப்பட்டு விறகடுப்பு ஊதவில்லை. சிலிண்டர் இணைப்பு கொடுத்துவிட்டோம் என்று சர்க்கார் கணக்குக் காட்டுகிறது. மறு சிலிண்டர் வாங்கப் பணமில்லாத வாரத்தில் அதே வீட்டில் விறகு எரிகிறது. அந்த வாரத்தில் குழந்தையை அடுப்பங்கரைக்கு வெளியே படுக்க வைப்பது ஒன்றுதான் இப்போதைக்குச் செய்யக்கூடியது.

அடுத்தது எண்ணெய். கைக்குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விட்டு ஊதுவது நமது பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, அதனாலேயே நிமோனியா வந்த குழந்தைகளைத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகள் பார்த்திருக்கின்றன. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் சிறு குழந்தைக்கு ஆகாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். அண்டாவில் வெந்நீர் வைத்துப் போர்வை போர்த்தி ஆவி பிடிக்க வைப்பதால் சளி கரைவதற்கு ஆதாரம் இல்லை. வெந்நீர் கொட்டி வெந்துபோன குழந்தைகள் உண்டு என்பதற்கு எந்த ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டும் சாட்சி.

நல்ல பழக்கங்களுக்கு வருவோம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலே மருந்து. ஒரே தடவையில் குடிக்க முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். பெரிய குழந்தைகளுக்கு வெதுவெதுப்பான நீர், கஞ்சி, மிளகு ரசம் எதுவானாலும் சரி. தூதுவளை ரசமும் கற்பூரவல்லிச் சாறும் நோயைத் தீர்க்கும் என்று நாம் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வயது வந்த குழந்தை விரும்பிக் குடித்தால் சூடான திரவம் தொண்டைக்கு இதம் தரும். குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கில் ஊற்றக் கூடாது, அவ்வளவுதான். மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும். விலையும் அதிகமில்லை.

தேனைப் பற்றிப் பாட்டிமார் சொன்னது சரியாகப் போயிற்று. ஒரு வயது கடந்த குழந்தைக்கு இரவு படுக்கப் போகுமுன் அரைக் கரண்டி முதல் ஒரு கரண்டி வரை தேன் கொடுத்தால் இரவு இருமல் குறைகிறது என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். இதே சோதனைகளில் கடை இருமல் மருந்துகள் தேனை மிஞ்சவில்லை. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவவும் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, கை கால்களைத் துவளச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற வழக்கமுள்ள வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சீசா எப்படி வீட்டுக்கு வருகிறது?

பீடி சுற்றும் பெண்கள் வாழும் ஒரு தெருவில் நாம் கேட்டறிந்த கணக்கு இது. இரண்டு வயதுக் குழந்தை. பதினெட்டு நாள் இருமல். இந்த நாட்களில் தாய் மூன்று தனியார் கிளினிக்குகளுக்குப் போயிருக்கிறார். முதல் இடத்தில் ஒரு இருமல் சீசாவும் ஒரு ஆன்டிபயாடிக் சீசாவும். நாலு நாளில் நிற்கவில்லை. இரண்டாவது இடத்தில் வேறு இரண்டு சீசா, நெபுலைசர். மூன்றாவது இடத்தில் எக்ஸ்ரே, இன்னும் வீரியமான ஆன்டிபயாடிக். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆன்டிபயாடிக்கில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம். பத்தொன்பதாம் நாள் இருமல் தானாகக் குறைந்தது. கடைசியாகக் கொடுத்த டாக்டருக்குக் கைராசி என்று பெயர் வந்தது! வீட்டில் ஐந்து சீசாக்கள் நின்றன. வட்டிக்கு வாங்கிய பணம், போன கூலி எல்லாம் சேர்ந்து தாயின் ஒரு மாதச் சம்பாத்தியத்தின் பெரும்பகுதி போயிற்று.

வைரஸை ஆன்டிபயாடிக் தொடுவதில்லை என்பது டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். "மூன்று வாரம் பொறுங்கள், தானாகப் போய்விடும்" என்று சொல்லிவிட்டால் தாய்க்குத் திருப்தி இல்லை, அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார். சொல்லி விளங்கவைக்க அரை மணி வேண்டும், வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். சீட்டு எழுத அரை நிமிஷம் போதும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளின் தொல்லை வேறு. நாம் டாக்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பொறுக்கச் சொல்கிற டாக்டருக்கு வருமானம் இல்லாத ஏற்பாடு ஒன்று நடக்கிறது. அந்த ஏற்பாட்டில் நேர்மையான டாக்டரும் சீட்டு எழுதத்தான் நேருகிறது.

சர்க்கார் சும்மா இருந்ததா என்றால், காகிதத்தில் இல்லை. பினைல்எப்ரினும் குளோர்பெனிரமினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். பராசியாவில் விற்றது அதே வகைக் கலவைதான். குழந்தைகள் இறந்த பிறகு, 2025 அக்டோபர் 3-ந் தேதி, 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சளி-இருமல் மருந்துகள் கூடவே கூடாது, 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகச் சிபார்சு செய்வதில்லை என்று மத்திய சுகாதார இலாகா மறுபடி சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை டில்லியிலிருந்து புறப்பட்டு நமது தெரு மருந்துக் கடைக்கு வந்து சேர எத்தனை வருஷம் பிடிக்கும்?

இந்த விஷமும் புதிதல்ல. மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரோபிலீன் கிளைகாலும் கிளிசரினும் விலை அதிகம். பார்வைக்கும் ருசிக்கும் அவற்றைப் போலவே இருக்கும் டை எத்திலீன் கிளைகால் தொழிற்சாலைச் சரக்கு, மலிவு. 1937-ல் அமெரிக்காவில் இதே விஷத்துக்கு 100-க்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். அடுத்த வருஷமே மருந்தைச் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில், 1998-ல் குர்காவ்னில் என்று பலி தொடர்ந்தது. 2022-ல் இந்திய மருந்தைக் குடித்து காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்தார்கள். அப்போது உலகம் கேள்வி கேட்டது. உடனே மத்திய சர்க்கார் 2023 ஜூன் முதல், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இருமல் மருந்தும் சர்க்கார் ஆய்வுச்சாலையின் சான்று பெற வேண்டும் என்று விதி செய்தது. நல்ல விதி. ஆனால் உள்நாட்டுக் குழந்தைக்கு? கம்பெனி தன் ஆய்வறையில் தானே சோதித்து, தானே சான்று எழுதிக்கொள்ளலாம்! காம்பியாவுக்குப் போகிற சீசாவுக்கு ஒரு சட்டம், பராசியாவுக்குப் போகிற சீசாவுக்கு வேறு சட்டம். இதற்கு என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

2025 மே மாதம் தயாரான சரக்கு அது. மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாட்டு அதிகாரிகள் ஓரிரு நாட்களில் சோதித்து விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே சோதனையில் கம்பெனியில் நூற்றுக்கணக்கான விதிமீறல்களும் வெளிவந்தன. ஓரிரு நாளில் கண்டுபிடிக்கக்கூடியதை மே மாதத்திலேயே கண்டுபிடித்திருந்தால் அந்தக் குழந்தைகள் இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தத் தொழிற்சாலைக்குள் அதிகாரிகள் அதற்கு முன்பு கடைசியாக எப்போது நுழைந்தார்கள், என்ன எழுதிவிட்டு வந்தார்கள் என்பதை மாநில சர்க்கார் மக்களுக்குப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் இருக்கிறது. அது வாங்கும் மருந்தை வெளி ஆய்வுச்சாலையில் சோதித்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டைக் கடைத் தெருவுக்கும் விரிப்பதில் என்ன கஷ்டம்?

தாய்க்குப் பொறுமை வேண்டும் என்று சொல்வது சுலபம். பொறுமைக்கும் காசு வேண்டியிருக்கிறது. மத்திய சர்க்கார் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குக் குழந்தை வளர்ப்புக்காக 730 நாள் விடுப்பு உண்டு. அதை நாம் வரவேற்கிறோம், போராடாமல் அது வரவில்லை. பனியன் கம்பெனியில் துணி மடிக்கிற பெண்ணுக்கு, குழந்தை இருமுகிறது என்று ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. மூன்று நாள் நின்றால் வேலையே போகிறது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தினார்கள். எத்தனை கம்பெனிகளில் காப்பகம் இருக்கிறது? இருக்கிற இடங்களிலும் இருமுகிற குழந்தையைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள். இந்த நிலையில் இருமலை எப்படியாவது நாளைக்குள் நிறுத்தியாக வேண்டும் என்று தாய் நினைப்பதில் ஆச்சரியம் என்ன? அவள் வாங்குவது மருந்தல்ல. அடுத்த நாள் வேலைக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் வேலை முடிந்து வரும் நேரத்தில் டாக்டர் இருப்பது அபூர்வம். நகரங்களில் 2023-ல் திறக்கப்பட்ட நலவாழ்வு மையங்களை மாலையிலும் நடத்தத் திட்டமிட்டார்கள். அது சரியான யோசனை. கிராமங்களுக்கும் அது வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஒரு டாக்டரோ நர்சோ இருந்து, குழந்தையின் மூச்சை எண்ணிப் பார்த்து, "பயமில்லை அம்மா, இன்னும் பத்து நாள் இருக்கும், இந்த அறிகுறி வந்தால் உடனே வா" என்று சொன்னால் அந்தத் தாய் கிளினிக்குக்கும் போகமாட்டார், சீசாவும் வாங்கமாட்டார். கக்குவான் ஊசி, 2021 முதல் இலவசமாகப் போடப்படும் நிமோனியா ஊசி ஆகியவை விட்டுப்போயிருந்தால் அப்போதே சொல்லி வரவழைக்கலாம்.

இதற்கெல்லாம் சர்க்காரை நெருக்கிக்கொண்டிருக்கும்போதே நாமாகச் செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. மாதர் சங்கக் கூட்டங்களில் அங்கன்வாடி ஊழியரையோ கிராம சுகாதார நர்சையோ அழைத்து, மூச்சை எண்ணுவது எப்படி என்று ஒரு குழந்தையை வைத்துக் காட்டச் சொல்லலாம். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. வீட்டு அலமாரியில் போன வருஷத்து இருமல் சீசா இருந்தால் அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்கு ஊற்றாமல் எறிந்துவிடச் சொல்லலாம். வட்டாரத்தில் எந்த சுகாதார நிலையத்தில் எந்த நேரம் டாக்டர் இருக்கிறார், இரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும், 60, 50, 40 என்ற மூச்சுக் கணக்கையும் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் ஒட்டுவதை அடுத்த மழைக்குள் முடித்துவிடலாம்.